மார்கிரட்டுக்கு ஒரு எக்கவுண்டன்

கரம்பொன் மார்கிரட்டை நல்லவள் என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் அவளே சண்டைக்கு வருவாள். நாற்பத்து நாலு வயது, கலியாணம் ஆகவில்லை, கடற்கரையோரம் தகரம் போட்ட ஒரு நண்டுக் கொட்டில், அதில் வேலை செய்யும் பதினொரு பெண்கள். காலை ஆறு மணிக்குக் கொட்டில் திறக்கும். ஆறு ஐந்துக்கு வருகிறவளுக்கு வாசலிலேயே ஏச்சு விழும். ஆறு பத்துக்கு வர இதுவரை ஒருத்திக்கும் துணிச்சல் வந்ததில்லை.

தகப்பனுடைய படகை விற்றுக்கொண்டு தமையன் பிரான்சுக்குப் போனபோது மார்கிரட்டுக்கு மிஞ்சியது ஒரு தராசும் இரண்டு கிடாரமும். ஒரு கிழமை அழுதாள். எட்டாம் நாள் கிடாரத்தை அடுப்பில் ஏற்றினாள். இப்போது மீனவர்கள் காலையில் கொண்டுவரும் நண்டை நிறுத்து வாங்குகிறாள். பெண்கள் அதை அவித்து, ஆறவிட்டு, ஓடு உடைத்து, சதையைப் பிரித்துப் பெட்டியில் அடைக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றின் வான் வண்டி வந்து ஐசோடு ஏற்றிக்கொண்டு போகிறது. கரம்பொன் நண்டை சிங்கப்பூரில் யாரோ தின்கிறார்கள் என்று கேள்வி. யார் தின்றாலும் சதைக்குள் ஓட்டுத் துண்டு இருக்கக்கூடாது என்பதுதான் மார்கிரட்டின் கவலை.

கணக்கில் அவள் புலி. பத்து வருசக் கணக்கும் கொப்பிகளில் இருந்தது, ஒரு கிலோ தவறாமல், ஒரு ரூபா தவறாமல். திகதி மட்டும் இருக்காது. திகதியில் அவளுக்கு நம்பிக்கை இல்லை. "பதின்மூண்டாந் திகதி எண்டு எல்லா மாசத்திலையும் வருது. அது எந்தப் பதின்மூண்டு எண்டு ஆருக்குத் தெரியும்? அந்தோனியார் வருசத்துக்கு ஒருக்காத்தான் வருவார்" என்பது அவள் கட்சி. ஆகவே கொப்பியில் "அந்தோனியாருக்கு முதல்நாள், நண்டு 42 கிலோ" என்று இருக்கும். "செபஸ்தியாருக்கு மூண்டு நாள் பிந்தி, ஐஸ் ரெண்டு பெட்டி" என்று இருக்கும். பக்கத்தில் திருநாள் ஒன்றும் அகப்படாவிட்டால் "விபூதிப் புதனிலிருந்து ஒன்பதாம் நாள்" என்று விரல்விட்டு எண்ணி எழுதுவாள். கொட்டில் பெண்களுக்கு அது விளங்கும். மீனவர்களுக்கும் விளங்கும். வேறு யாருக்கு விளங்கவேண்டும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

ஒக்ரோபர் மாதத் தொடக்கத்தில் கம்பனி மனேஜர் தொலைபேசியில் வந்தார். மிகவும் மரியாதையான மனிதர், அதனாலேயே அவர் சொன்னது பயமாக இருந்தது. கம்பனிக்கு நண்டு கொடுக்கிறவர்கள் எல்லோரும் இனிமேல் வரிக்கு ஒரு வருசக் கணக்கு காட்டவேண்டுமாம். அதில் லைசன்ஸ் உள்ள கணக்காளர், எக்கவுண்டன் ஒருவர் கையெழுத்து வைத்து சீல் குத்தவேண்டுமாம். மாதம் முடிவதற்குள் தராவிட்டால் வான் கரம்பொனுக்கு வராதாம். சரவணைப் பக்கத்தில் வேறு ஒருவர் எல்லாக் கடுதாசியும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாராம்.

மார்கிரட் தொலைபேசியை வைத்துவிட்டுக் கொட்டிலைப் பார்த்தாள். பதினொரு பேரும் குனிந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். வான் வராவிட்டால் இந்தப் பதினொரு வீட்டிலும் அடுப்பு எரியாது. பயத்தை வெளியில் காட்டாமலிருக்க, ஓரத்தில் இருந்த நிலாந்தியைப் பார்த்து, "என்னடி, ஓட்டைத் தடவிக்கொண்டு இருக்கிறாய்?" என்று கத்தினாள்.

அடுத்த நாளே கொப்பிகளைப் பையில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டு, பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனாள். கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கணக்காளர் அலுவலகம் அகப்பட்டது. உள்ளே குளிர்சாதனம். பை நண்டு கட்டிய பை என்பதால் ஐந்து நிமிசத்தில் அந்த அறை முழுக்கக் கரம்பொன் கடற்கரை வந்துவிட்டது. கணக்காளர் இளம் பையன், நல்ல பிள்ளை, மூக்கைப் பொத்தவில்லை. கொப்பியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, இதிலை திகதி எங்கை?"

"முன்னுக்கே இருக்கே. சூசையப்பருக்கு ரெண்டு நாள் முதல்."

"சூசையப்பர் ஆர், உங்கட வேலையாளோ?"

மார்கிரட் கொப்பியைப் பறித்துப் பைக்குள் போட்டாள். ஆண்டவரின் வளர்ப்புத் தகப்பனைத் தன் கொட்டிலில் சம்பளத்துக்கு வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறவரிடம் என்ன கணக்கைக் காட்டுவது? அந்தப் பிள்ளை கதவுவரை வந்து, "உங்கட பக்கத்து ஆள் ஒருத்தரைப் பாத்தியளெண்டால் சுகம் அக்கா" என்று சொல்லி அனுப்பியது. அது நல்ல யோசனைதான். கோபத்திலும் மார்கிரட் அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து ஆள் என்றதும் முதலில் அகப்பட்டவர் ஊர்காவற்றுறை அப்புத்துரை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக முப்பத்துமூன்று வருசம் இருந்து ஓய்வு பெற்றவர். கணக்கென்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கொப்பியைக் கண்டதும் சிவப்புப் பேனையை எடுத்துத் திறந்தே விட்டார்.

"அண்ணை, உங்களிட்டை லைசன்ஸ் இருக்கோ?" என்று மார்கிரட் கேட்டாள்.

"ஓம், இருக்கு."

"காட்டுங்கோ பாப்பம்."

அப்புத்துரை அலுமாரியைத் திறந்து, பத்திரமாக மடித்து வைத்திருந்த மோட்டார் சைக்கிள் லைசன்சை எடுத்துக் காட்டினார். அதுவும் காலாவதியாகி ஒன்பது வருசம். "லைசன்ஸ் கிடக்கட்டும் பிள்ளை, கையெழுத்து நல்ல வடிவா வைப்பன்" என்றார். வடிவாகத்தான் வைத்தும் காட்டினார். மார்கிரட் அவருக்கு அரைக் கிலோ நண்டு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

இப்படியே ஒன்றரைக் கிழமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்றபோது, மார்கிரட் நேரே மனுவேல் அண்ணையிடம் போனாள். மனுவேல் அண்ணை கோயில் மூப்பர். கோயில் சாவி ஒரு பையில் இருக்கும், மற்றப் பையில் மாப்பிள்ளைமாரின் படங்கள் இருக்கும். தீவுப்பகுதி வேதக்காரர் வீடுகளில் பாதிக் கலியாணம் அவர் பொருத்தியதுதான். மார்கிரட்டுக்கும் இருபது வருசமாக ஆள் கொண்டுவந்து பார்த்தவர். கடைசியாக வந்தவர் நண்டு மணம் தனக்கு ஒத்துவராது என்று மூக்கைச் சுளித்தார். அன்றைக்கு அவர் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு இங்கேயே கிடந்துவிட்டது. அதற்குப் பிறகு மனுவேல் அண்ணை அந்த வாசல் மிதிக்கவில்லை.

"மனுவேல் அண்ணை, எனக்கு ஒரு எக்கவுண்டன் வேணும்" என்றாள் மார்கிரட். "லைசன்ஸ் உள்ள ஆளா இருக்கவேணும். வெளியூர் ஆள் சரிவராது, எங்கட பக்கத்து ஆளாப் பாருங்கோ. வேதக்காரரா இருந்தால் நல்லது. வயசைப் பற்றிக் கவலையில்லை. செலவு என்னெண்டாலும் நான் தாறன். இந்த மாசத்துக்குள்ளை முடிச்சுப் போடவேணும்."

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஒருவர் டொக்டர் வேண்டும் என்று கேட்டால், நோய் வருத்தமா கலியாணமா என்று முகத்தைப் பார்த்து அறிந்துகொள்வார்கள். எஞ்சினியர் கேட்டால், வீடு கட்டப்போகிறாரோ என்று ஒருதரமாவது யோசிப்பார்கள். எக்கவுண்டன் கேட்டால் யோசனையே கிடையாது. கணக்குப் பார்ப்பதற்காக எக்கவுண்டன் தேடிய ஒருவர் தீவுப்பகுதியில் அதுவரை பிறந்ததில்லை. அது பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளையாகத் தேடுகிற சங்கதி.

மனுவேல் அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும் பிள்ளை. நான் எல்லாம் பாக்கிறன்" என்று சொல்லி, திரும்பிக் கோயிலுக்குள் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அந்தக் கிழமை ஊரில் நடந்தது ஒன்றும் மார்கிரட்டுக்கு விளங்கவில்லை. மீனவர்கள் தராசில் கொசுறாக இரண்டு நண்டைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அயல்வீட்டுக்காரி கேட்காமலே ஆட்கள் உட்கார நாலு நல்ல கதிரை கொண்டுவந்து இறக்கினாள். கொட்டில் பெண்கள் இவளைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பங்குச் சுவாமி மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, "நல்ல முடிவு மார்கிரட். பிந்தினாலும் பரவாயில்லை" என்றார்.

"எல்லாரும் செய்யவேண்டிய கடமைதானே சுவாமி" என்றாள் மார்கிரட். வரிக் கணக்கு ஒன்றுக்கு ஊர் இவ்வளவு ஒத்தாசையாக இருக்கிறதே என்று அவளுக்கு ஆச்சரியம். இந்த மனிதர்களை இவ்வளவு காலமும் தப்பாக நினைத்துவிட்டேனே என்று கொஞ்சம் வெட்கப்படவும் செய்தாள்.

எக்கவுண்டன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவார் என்று மனுவேல் அண்ணை செய்தி அனுப்பினார். கம்பனி கேட்ட கடைசி நாள் அதற்கடுத்த வெள்ளிக்கிழமை. மார்கிரட் கொப்பிகளைத் தூசு தட்டி மேசையில் அடுக்கினாள். நிலாந்தி காலையிலேயே வந்து, வீடு கூட்டி, பயற்றம் பணியாரம் சுட்டு, இவளைச் சேலை கட்டச் சொல்லித் தொந்தரவு செய்தாள். பெரிய படிப்புப் படித்தவர் வருகிறார் என்றால் மரியாதைதானே என்று மார்கிரட்டும் கட்டினாள்.

வாடகை வான் ஒன்று படலையில் வந்து நின்றபோதுதான் நிலாந்தி வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்டு சொல்லவேணும். கோபிக்கக்கூடாது."

"சொல்லு."

"அவை கணக்குப் பாக்க வரேல்லை. உங்களைப் பொம்பிளை பாக்க வருகினம். தாயும் வந்திருக்கிறா. ஊருக்கு முழுக்கத் தெரியும். முன்னமே சொன்னால் வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பிப் போடுவியள் எண்டு பயத்திலை நான் சொல்லேல்லை."

மார்கிரட் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். முதலில் மனுவேல் அண்ணை இறங்கினார், புது வேட்டியில். பிறகு எழுபது எழுபத்தைந்து வயதுத் தாய் ஒருவர். கடைசியாகக் கண்ணாடி போட்ட, கட்டையான, சட்டைப் பையில் மூன்று பேனை குத்திய ஒரு மனிதர்.

"ஆள் லைசன்ஸ் உள்ளவரோ?" என்று மார்கிரட் கேட்டாள்.

"ஓமாம் அக்கா. டவுனிலை சொந்தமா ஒஃபீஸ் வைச்சிருக்கிறாராம். பிறந்து வளந்தது ஊர்காவற்றுறையாம்."

"அப்ப வரட்டும்" என்றாள் மார்கிரட்.

வந்தவர் பெயர் ஜோர்ஜ். வயது நாற்பத்தேழு. இவள் அவர் பார்க்கப்போகும் பதினேழாவது பெண். முந்தின பதினாறு பேரில் ஒருத்தியையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒன்றுமே சொன்னதில்லை, அதுதான் தாயின் பெரிய கவலை. இன்றைக்கு ஓமா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வானில் ஏறக்கூடாது என்று வரும் வழியில் சத்தியம் வாங்கியிருந்தார்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றாள் மார்கிரட்.

தாய்க்குப் பணியாரம் புரைக்கேறியது. "அண்ணை எண்டு கூப்பிடாதையும் பிள்ளை" என்றார், மூச்சு வந்ததும். பிறகு விசாரணை தொடங்கியது. "பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமோ?"

"ஒரு நாளைக்கு நூறு கிலோ அவிக்கிறன்" என்றாள் மார்கிரட்.

தாய் இன்னொரு பணியாரத்தை எடுத்துக்கொண்டார். நிலாந்தி கெட்டிக்காரி. "அம்மா, குசினியிலை நண்டுக்கறி அடுப்பிலை கிடக்கு, உப்புப் புளி பாத்துச் சொல்லுங்கோ" என்று அவரைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு போனாள். மனுவேல் அண்ணை இரண்டு பேரையும் தனியே விட்டது போலவும் இருக்கவேண்டும், தான் அங்கே இருக்கவும் வேண்டும் என்பதற்காகக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டார்.

மார்கிரட்டுக்குப் பொய் வராது. கணக்குக் கொப்பியில் வராதது வாயிலும் வராது. "நான் ஒரு உண்மை சொல்லவேணும்" என்றாள். "மனுவேல் அண்ணை பிழையா விளங்கிப்போட்டார். எனக்கு மாப்பிள்ளை வேண்டாம். எனக்கு வேண்டியது கணக்குக்கு ஒரு கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள்ளை வேணும். இல்லாட்டி பதினொரு பொம்பிளையளுக்கு வேலை போயிடும்."

மனுவேல் அண்ணையின் மூடின கண்கள் முட்டை அளவுக்குத் திறந்தன. ஜோர்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வந்ததிலிருந்து தொங்கிக்கிடந்த முகத்தில் முதல்முறையாக உயிர் வந்தது.

"கொப்பி இருக்கோ?" என்று கேட்டார்.

"பத்து வருசத்துக்கும் இருக்கு."

"கடைசி வருசத்தைத் தாங்கோ பாப்பம்."

கதிரையை மேசைக்கு இழுத்துப்போட்டுக் கொப்பியைத் திறந்தவர், முதல் வரியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சின்ன வயதில் பீடத்தில் பூசைக்கு உதவி செய்தவர் அவர். அந்தோனியார் என்றதும் "ஜூன் பதின்மூண்டு" என்றார். சூசையப்பர் என்றதும் "மார்ச் பத்தொன்பது" என்றார். சவேரியாருக்கும் செபஸ்தியாருக்கும் நாட்காட்டி பார்க்கவேயில்லை. மார்கிரட் வாசிக்க வாசிக்க, அவர் திகதி சொல்லி எழுதிக்கொண்டே போனார். இப்படி ஒரு மனிதர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார் என்று தெரியாமல் ஒன்றரைக் கிழமை பஸ்சுக்குச் செலவழித்தேனே என்று அவளுக்கு மனம் ஆறவில்லை.

முதல் பக்கத்தில் ஒரு சிக்கல் வந்தது.

"உயிர்த்த ஞாயிறு, கொட்டில் பூட்டு" என்று மார்கிரட் வாசித்தாள்.

"அதை விடுங்கோ. இந்தக் கணக்கு வருசத்திலை உயிர்த்த ஞாயிறு இல்லை."

"அதெப்பிடி? ஆண்டவர் அந்த வருசம் உயிர்க்கேல்லையோ?"

"உயிர்த்தவர். ஆனால் கணக்கு வருசம் ஏப்ரல் முதலாந் திகதி தொடங்கி மார்ச் முப்பத்தொண்டிலை முடியிறது. போன வருசம் அவர் உயிர்த்தது மார்ச் முப்பத்தொண்டு, ஒரு நாள் முந்திப் போச்சு. இந்த வருசம் உயிர்த்தது ஏப்ரல் இருபது, அது பிந்திப் போச்சு. ரெண்டும் வேலிக்கு வெளியிலை."

"அப்ப பெரிய வெள்ளி?"

"அதுவும் இல்லை. பாடுமில்லை, உயிர்ப்புமில்லை. தவக்காலத்திலை பாதிதான் கிடக்கு."

மார்கிரட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அரசாங்கத்துக்கு வரி கட்டுவதில் இவ்வளவு பாவம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஐசில் சண்டை வந்தது. செபஸ்தியார் கிழமை ஐஸ் அதிகம் வாங்கியிருக்கிறது என்று ஜோர்ஜ் சொன்னார். அந்தக் கிழமை வான் ஒரு நாள் பிந்தி வந்தது என்று மார்கிரட் சொன்னாள். அதற்கு எழுதின துண்டு எங்கே என்றார் அவர். என்ர வாய்தான் துண்டு என்றாள் இவள். இரண்டு பேரும் மேசையில் தட்டித் தட்டிக் கதைத்தார்கள். குசினியிலிருந்து தாய் காதைக் கூர்மையாக்கிக் கேட்டுவிட்டு, நிலாந்தியின் தோளில் சாய்ந்து, "இப்பவே சண்டை பிடிக்கினம். சரிவந்திட்டுது பிள்ளை" என்று கண்ணைத் துடைத்தார். பதினாறு வீட்டிலும் கேட்காத மகனின் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறார்.

மூன்று மணிக்குக் கிட்ட, ஜோர்ஜ் பேனையைக் கீழே வைத்தார்.

"இது என்ன? ஒவ்வொரு சனிக்கிழமையும் 'பூனை' எண்டு எழுதியிருக்கு. பூனை, ஐஞ்சரைக் கிலோ. பூனை, ஐஞ்சரைக் கிலோ. வருசம் முழுக்க."

மார்கிரட் வேறு பக்கம் பார்த்தாள். "பூனை திண்டிட்டுது."

"எத்தினை பூனை?"

"பதினொண்டு."

ஜோர்ஜ் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஐந்தரையைப் பதினொன்றால் பிரித்தால் ஆளுக்கு அரைக் கிலோ. ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினொரு பெண்களும் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு பொதி கொண்டுபோகிறார்கள். கால் முறிந்த நண்டு, கம்பனி எடுக்காது, கொண்டுபோய்க் கொட்டுங்கோடி என்று ஏசிக்கொண்டுதான் மார்கிரட் அதைக் கொடுப்பாள். கொப்பியிலோ அந்த நண்டுகள் எல்லாம் முழு விலைக்கு வாங்கின நல்ல நண்டுகள்.

"இதை ஊழியர் நலன் எண்டு எழுதலாம். அதுதான் முறை" என்றார் ஜோர்ஜ், மெதுவாக.

"வேண்டாம். அப்பிடி எழுதினால் அவளவைக்குத் தெரிஞ்சுபோகும். நான் நல்லவள் எண்டு நினைச்சுப் போடுவாளவை. பேந்து ஒருத்தியும் ஆறு மணிக்கு வரமாட்டாள்."

ஜோர்ஜ் அவளைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் கொப்பியைத்தான் பார்த்திருந்தார், அவளைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். பார்த்துவிட்டு, கம்பனி தந்த படிவத்தை இழுத்து, அதில் நிரப்பவேண்டியதை எல்லாம் நிரப்பினார். பைக்குள்ளிருந்து தன் சீல் முத்திரையை எடுத்தார். பொம்பிளை பார்க்கப் போனாலும் சீல் கொண்டுபோகிற மனிதர் அவர். பேனையைக் கையெழுத்துக் கோட்டில் வைத்தார். வைத்த பேனை அசையவில்லை.

"ஒரு சிக்கல் இருக்கு" என்றார்.

அந்த நேரம் தாய் கறிச் சட்டியோடு வந்தார், பின்னால் நிலாந்தி. "என்ன தம்பி, பொம்பிளையைப் பிடிச்சிருக்கோ? எனக்குச் சத்தியம் பண்ணித் தந்தனீர்" என்றார் தாய்.

"அதுதான் அம்மா சிக்கல்" என்றார் ஜோர்ஜ். "எங்கட தொழில்லை ஒரு சட்டம் இருக்கு. சொந்தக்காரற்ற கணக்கிலை கையெழுத்து வைக்க ஏலாது. கட்டப்போற பொம்பிளையின்ர கணக்கிலையும் ஏலாது. இப்ப நான் ஓம் எண்டால், இதிலை கையெழுத்து வைக்க ஏலாது. கையெழுத்து வைக்கிறதெண்டால், வேண்டாம் எண்டு சொல்லிப் போட்டுத்தான் வைக்கவேணும்."

"அப்ப ஓம் எண்டு சொல்லும். கையெழுத்தை வேற ஆரேன் வைப்பினம்" என்றார் தாய்.

"இந்தத் திருநாளெல்லாம் தெரிஞ்ச வேற ஆளை வெள்ளிக்கிழமைக்குள்ளை எங்கை அம்மா பிடிக்கிறது?"

மார்கிரட் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்கள் ஓம் எண்டு சொல்லவோ யோசிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

"பூனைப் பக்கத்திலையிருந்து யோசிக்கிறன்" என்றார் ஜோர்ஜ். "நீங்களே சொல்லுங்கோ. கையெழுத்து வைக்கட்டோ, விடட்டோ?"

மார்கிரட்டுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் மறைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைமார் எல்லோரும் காணியைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள், மூக்கைச் சுளித்தார்கள். கொப்பியை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. திறந்து பார்த்த ஒருவர் இன்றைக்கு முன்னால் இருக்கிறார், அவரை விட்டுவிட்டால் நாற்பத்து நாலு வயதில் இனி யார் வருவார்? வாசல் பக்கம் வேலிக்கு வெளியே பத்துத் தலைகள் தெரிந்தன. மற்றப் பெண்களும் வந்து ஒளிந்து நின்றுகொண்டிருந்தார்கள், ஒளியத் தெரியாமல்.

"வையுங்கோ" என்றாள் மார்கிரட்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சாச்சு. வையுங்கோ."

ஜோர்ஜ் எழுந்து நின்று, தாய்க்கும் மனுவேல் அண்ணைக்கும் முன்னால், "எனக்கு இந்தப் பொம்பிளை வேண்டாம்" என்று சொன்னார். அப்படிச் சொல்லும்போது கொப்பியைத்தான் பார்த்தார். பிறகு இருந்து கையெழுத்து வைத்தார், சீலும் குத்தினார். தாய் கறிச் சட்டியைப் பிடித்தபடியே கதிரையில் விழுந்தார். மனுவேல் அண்ணை இருபது வருசத் தரகுத் தொழிலில் இப்படி ஒன்றைக் காணவில்லை என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஆனாலும் எல்லோரும் இருந்து நண்டுக்கறியோடு சாப்பிட்டார்கள். தாய் அழுது அழுது இரண்டாம் தரமும் சோறு போடச் சொன்னார்.

ஐந்து மணிக்கு வான் புறப்பட ஆயத்தமானது. தாய் ஏறி இருந்துவிட்டார். ஜோர்ஜ் படலையடியில் நின்று, சட்டைப் பையில் இருந்த மூன்று பேனைகளையும் எடுத்து எடுத்துத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார்.

"உங்கட கணக்கு இண்டையோடை முடிஞ்சுது" என்றார். "அடுத்த வருசக் கணக்குக்கு இப்பவே வேற ஒரு ஆளைப் பாத்து வையுங்கோ."

"ஏன், உங்களுக்கு என்ன?" என்றாள் மார்கிரட்.

"நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாமெண்டு இருக்கிறன். கணக்குப் பாக்க இல்லை. நீங்கள் ஓம் எண்டால், பிறகு உங்கட கணக்கிலை எனக்குக் கையெழுத்து வைக்க ஏலாது."

பத்து வருசமாகக் காலை ஆறு மணிக்குத் திறந்து மாலைவரை மூடாத வாய் அது. அன்றைக்கு அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. மார்கிரட் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்து, ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஜோர்ஜ் வானில் ஏறும்போது படியில் தடுக்கி, மனுவேல் அண்ணையின் மடியில் போய் விழுந்தார்.

வான் திருப்பத்தில் மறைந்ததும் வேலிக்குப் பின்னாலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். மார்கிரட்டின் கையில் சீல் குத்திய படிவம் இருந்தது, கண் இரண்டும் நனைந்திருந்தது. எதைப் பார்த்து என்ன நினைப்பதென்று அவர்களுக்குப் பிடிபடவில்லை.

"என்னக்கா நடந்தது?" என்று ஒருத்தி கேட்டாள். "கையெழுத்தோ, கலியாணமோ?"

"இந்த வருசம் கையெழுத்து" என்றாள் மார்கிரட்.